ஒரு தந்தையும் இரண்டு கணக்குகளும்

ஊருக்கு உழைப்பவரை உலகம் போற்றுகின்றது. அவர் வரவை எதிர்பார்த்து விழித்திருந்து, பசியோடு உறங்கிப்போன அவருடைய குழந்தைகளை உலகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரைக் காத்த ஒருவர் தம் பிள்ளைகளைக் காக்கத் தவறினால் அவரை எந்தத் தராசில் நிறுப்பது? வெளியே செய்த நன்மை வீட்டிலே செய்த குறையினை ஈடு செய்துவிடுமா? இறுதியில் உயிரையே கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடுமா?

இக்கேள்விகள் புதியன அல்ல. ஆயினும், இவற்றை அண்மைக் காலத்தில் மிகுந்த ஈடுபாட்டோடு விவாதித்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பே மேலிடும். அவர்கள் தத்துவப் பேராசிரியர்கள் அல்லர். பேய்களும் ஆவிகளும் நடமாடும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இரசிகர்கள்! பேய்க்கதைதானே என்று ஒதுக்கிவிடாமல் அவர்கள் எழுப்பிய வழக்கினைச் சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

'சூப்பர்நேச்சுரல்' என்னும் அத்தொடர் 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் நிறைவுற்றது. பதினைந்து பருவங்கள், 327 பகுதிகள். எரிக் கிரிப்கி என்பார் உருவாக்கிய கதை அது. கான்ஸஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், 1983 நவம்பர் 2 ஆம் நாள் இரவு, மேரி என்னும் இளந்தாய் தன் கைக்குழந்தையின் அறையிலே மஞ்சள் நிறக் கண்களையுடைய தீய ஆவி ஒன்றினால் கொல்லப்படுகிறாள். வீடு தீக்கிரையாகின்றது. கணவன் ஜான் வின்செஸ்டர், ஆறு மாதக் குழந்தை ஸாமை நான்கு வயது டீனின் கைகளிலே கொடுத்து, தூக்கிக்கொண்டு வெளியே ஓடச் சொல்கிறான். அன்று அச்சிறுவனின் கைகளில் ஏறிய சுமை பிறகு இறங்கவே இல்லை. கதை முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

ஜான் வியத்நாம் போரில் பங்கு கொண்டவன். வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளி. மனைவியைக் கொன்றது எது என்று அறிந்ததும் தொழிலைத் துறக்கின்றான். 1967 ஆம் ஆண்டின் கறுப்பு நிறச் செவர்லே காரிலே இரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக அலைந்து தீய ஆவிகளை வேட்டையாடுகின்றான். சாலையோர விடுதிகளே பிள்ளைகளின் வீடு. தொடர் தொடங்கும்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், தந்தையைக் காணவில்லை. அவனைத் தேடிச் செல்லும் பயணமே முதற் பருவம். நடிகர் ஜெஃப்ரி டீன் மார்கன் ஏற்ற இவ்வேடம், முந்நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளுள் மிகச் சிலவற்றிலேயே நேரில் தோன்றுகின்றது. எஞ்சியவற்றிலெல்லாம் அவன் ஒரு நினைவு, ஒரு நாட்குறிப்பேடு, பிள்ளைகளின் வாயிலே வந்து போகும் ஒரு பெயர்.

தொடக்கத்தில் அவன் வீரனாகவே காட்டப்பட்டான். மூத்தவன் டீன் தந்தையைத் தெய்வமாகக் கொண்டாடுபவன். தந்தையின் சொல்லே அவனுக்குச் சட்டம். இளையவன் ஸாமோ கல்லூரிக்குச் செல்ல விரும்பி, போனால் திரும்பி வராதே என்ற தந்தையின் சொல்லைக் கேட்டு வெளியேறியவன். பார்ப்போர் பெரும்பாலும் டீனின் கண்களாலேயே ஜானைக் கண்டனர். மனைவியை இழந்த துயரிலும் மனம் தளராமல், முன்பின் அறியாதாரின் உயிரைக் காக்கத் தன் வாழ்வை அர்ப்பணித்த தியாகி என்று மதித்தனர். இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலே, சாகும் தறுவாயிலிருந்த டீனை மீட்க அவன் தன் உயிரையும் ஆன்மாவையும் அந்தத் தீய ஆவிக்கே விலையாகக் கொடுத்து மாண்டபோது அம்மதிப்பு உச்சத்தை எட்டியது.

பின்னர், இரசிகர்கள் அவனை மறுபடியும் படிக்கத் தொடங்கினர்.

மறுவாசிப்பு எப்படி நிகழ்ந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். முதற் பருவத்திலே, 2006 ஏப்ரலில் வெளியான பகுதி ஒன்றில் டீன் தன் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்கிறான். அவன் அப்போது ஒன்பது பத்து வயதுச் சிறுவன். தந்தை இருவரையும் விடுதி அறையிலே விட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார். கதவைத் திறக்காதே; தம்பியைப் பார்த்துக்கொள்; ஏதேனும் உள்ளே வந்தால் முதலில் சுடு — இவை அவர் இட்ட கட்டளைகள். நாட்கள் கழிகின்றன. மிஞ்சியிருந்த உணவில் தம்பி விரும்பிக் கேட்டதைத் தான் உண்ணாமல் அவனுக்கே கொடுத்துவிடுகிறான். ஓர் இரவு, அடைந்து கிடந்த அலுப்பைத் தாங்க மாட்டாமல், தம்பி உறங்கிய பின் சற்று வெளியே போய் விளையாடிவிட்டுத் திரும்புகிறான். அதற்குள் குழந்தைகளின் உயிர்ச்சத்தை உறிஞ்சும் சூனியக்காரி ஒருத்தி தம்பியின் மேல் குனிந்து நிற்கிறாள். நல்ல வேளையாகத் தந்தை வந்து சேர்கிறார், தம்பி பிழைக்கிறான், அவள் தப்பிவிடுகிறாள். அந்நாளுக்குப் பின் தந்தை அதைப் பற்றி வாய் திறந்து பேசியதே இல்லை; ஆனால் அவர் தன்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது என்கிறான் டீன்.

அவன் இதனைத் தன் குற்றமாகவே சொல்கிறான். முதலில் கண்டோரும் அவ்வாறே கொண்டனர். கடமை தவறிய சிறுவனின் மனவேதனை என்று இரங்கினர். மீண்டும் பார்த்தபோதுதான் வேறொரு கேள்வி எழுந்தது. அவ்வூரில் அலைவது குழந்தைகளைத் தேடிக் கொல்லும் பிசாசு என்பதை நன்கறிந்தவர் யார்? அறிந்திருந்தும் அதே ஊரில், ஒரு விடுதி அறையில், இரண்டு குழந்தைகளைப் பெரியவர் துணையின்றி நாட்கணக்கில் விட்டுச் சென்றவர் யார்? குற்றம் யாருடையது? குற்றத்தின் பாரத்தை இருபது ஆண்டுகளாகச் சுமந்து திரிபவன் யார்?

காட்சியில் ஒரு சொல்லும் மாறவில்லை. பார்ப்பவர் நிற்கும் இடம் மட்டுமே மாறியது. தந்தையின் அருகே நின்று பிள்ளையை நோக்கியவர்கள், பிள்ளையின் அருகே போய் நின்று தந்தையை நோக்கினார்கள். அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தின் மதிப்பு முழுவதும் புரண்டுபோயிற்று.

அதன்பின் சிறுசிறு சான்றுகளும் பேசத் தொடங்கின. அலமாரிக்குள் எதுவோ இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொன்ன ஒன்பது வயது மகனின் கையிலே கைத்துப்பாக்கியைக் கொடுத்தாராம் அத்தந்தை. இது முதற் பகுதியிலேயே ஸாம் சொல்லும் செய்தி. மூன்றாம் பருவத்திலே, கனவொன்றில், டீனே தன் நெஞ்சைத் திறந்து, குடும்பத்தைக் காக்க முடியாமற் போனவர் தந்தைதான், அப்பாரத்தை என்மேல் ஏற்றியது அநியாயம் என்று கதறிவிடுகிறான். 2013 ஆம் ஆண்டு வெளியான ஒன்பதாம் பருவப் பகுதி ஒன்றோ வழக்கினை இன்னும் வலுவாக்கிற்று. பதினாறு வயதில், உணவுக்கு வைத்திருந்த பணத்தைச் சீட்டாட்டத்தில் இழந்துவிட்டு, உணவுப் பொருள் திருடி அகப்பட்டுக்கொள்கிறான் டீன். செய்தியறிந்த தந்தை, கிடக்கட்டும் சிறையிலே என்று விட்டுவிடுகிறார். சிறுவர் இல்லம் ஒன்றில் இரண்டு மாதங்கள் இருக்கிறான். அங்கே பள்ளிக்குப் போகிறான். முதன் முறையாகப் பிள்ளைப் பருவத்தை நுகர்கிறான். அங்கேயே தங்கிவிட வாய்ப்பும் இருக்கிறது. ஆனால், அழைத்துப்போக வந்து நிற்கும் காரினுள்ளே தம்பியின் முகத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

இங்கே மூன்று தடைகள் எழுப்பப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: இல்லாத மனிதனுக்கு ஏன் இத்தனை விசாரணை? கற்பனைப் பாத்திரத்திற்கு நீதி வழங்கி ஆவதென்ன? இதற்கு விடை எளிது. உயிருள்ளவரைத் தீர்ப்பிடும்போது நன்றியும் அச்சமும் பாசமும் நம் கையைப் பிடித்துக்கொள்கின்றன. பெற்ற தந்தையைப் பற்றி இப்படிப் பேசத் துணிபவர் எத்தனை பேர்? கற்பனை மாந்தரிடத்திலோ தராசினை நடுங்காமல் பிடித்துப் பழகலாம். எவர் மானத்திற்கும் இழுக்கில்லை. ஜானைப் பற்றி வாதிட்டவர்களுள் பலர், தம்பி தங்கையரை வளர்க்கவேண்டித் தம் இளமையைத் தொலைத்த மூத்த பிள்ளைகள் படும் பாட்டினைத்தான் பேசினர். சொந்தப் பெயரில் சொல்ல இயலாததைச் சொல்ல டீனின் பெயர் உதவிற்று.

இரண்டாவது: ஆசிரியர் கருதாத பொருளை இரசிகர்கள் ஏற்றிச் சொல்லலாமா? ஓரமாக நின்ற பாத்திரத்தைப் படிப்போர் நடுவிலே கொண்டுவந்து நிறுத்துவது இலக்கியத்திற்குப் புதிதன்று. 1847 இல் வெளியான 'ஜேன் அயர்' நாவலில் மாடியறையிலே அடைக்கப்பட்டுக் கிடந்த பைத்தியக்கார மனைவிக்கு, ஜீன் ரீஸ் 1966 இல் தனி நாவலே எழுதி வாய் கொடுத்தார். நம் புதுமைப்பித்தன் அகலிகையின் பக்கம் நின்று 'சாபவிமோசனம்' எழுதவில்லையா? ஆயினும் ஓர் எல்லை உண்டு. கதை காட்டிய சான்றுகளைப் புதிய இடத்திலிருந்து நோக்குவது விசாரணை. கதை காட்டாத கொடுமைகளைத் தாமே கற்பித்து, அவற்றைக் கொண்டே தண்டனை விதிப்பது விசாரணை ஆகாது. இரசிகர்களுள் இரு திறத்தாரும் உண்டு. ஜானை ஈவிரக்கமற்ற அரக்கனாகவே வரைந்துவிட்ட கதைகளும் எழுந்தன. அவ்வாறு எழுதுவோர் தம் வழக்கையே பலவீனப்படுத்திக்கொள்கின்றனர் என்போம். ஏனெனில், அரக்கன் செய்த தீமையில் ஆராய்வதற்கு ஏதுமில்லை. அன்புள்ள தந்தை இதைச் செய்தார் என்பதிலேதான் நெஞ்சைச் சுடும் உண்மை இருக்கிறது.

மூன்றாவது தடையே வலியது: மகனுக்காக உயிரையே கொடுத்தவரைக் குறை கூறலாமா?

இங்கேதான் இரண்டு கணக்குகளைப் பிரித்தறிதல் வேண்டும். பிள்ளை என்பது பெற்றோரிடத்து ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குரிய கடன் நாள்தோறும் செலுத்தப்பட வேண்டியது. காலை உணவாக, பள்ளிக்கூடமாக, இருட்டில் பயப்படும்போது அருகிலிருந்து சொல்லும் ஆறுதலாகச் சிறுசிறு நாணயங்களில் செலுத்தப்பட வேண்டியது. உயிர்த்தியாகம் பெருங்கொடை, ஐயமில்லை. ஆனால் கொடை வேறு, கடன் வேறு. ஒரே நாளில் கொட்டிக் கொடுத்த பொற்குவியல், பத்தாண்டுகளுக்கு முன் பசித்திருந்த வயிற்றுக்கு உணவாகத் திரும்பிச் செல்லாது. கடனை எழுதிவைத்த ஏட்டிலே கொடையை வரவு வைத்துக் கணக்கை முடித்துவிடுதல் முறையன்று.

ஜானின் இறுதி நேரமே இதற்குச் சாட்சி. சாவதற்கு முன் டீனிடம், உன் தோள்மீது அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றிவிட்டேன், உன்னை விரைவிலே பெரியவனாக்கிவிட்டேன் என்று வருந்துகிறார். அவர் குற்றத்தை அறியாதவர் அல்லர்! ஆனால் அந்த வருத்தத்தைச் சொல்லி முடித்த கையோடு காதருகே குனிந்து, தம்பியைக் காப்பாற்று, முடியாமற் போனால் நீயே அவனைக் கொல்ல வேண்டியிருக்கும் என்னும் பொருள்பட ஓர் இரகசியத்தையும் இறக்கிவிட்டுப் போகிறார். பாரம் ஏற்றியதற்கு வருந்திய அதே வாய், முன்னினும் கொடிய பாரத்தை ஏற்றிற்று. அன்பும் அநீதியும் ஒரே மூச்சில் வெளிவந்தன. இத்தகைய தந்தையரைக் காணப் பேய்க்கதைக்குப் போக வேண்டியதில்லை.

அப்படியாயின் மன்னிப்புக்கு இடமே இல்லையா? 2019 பிப்ரவரியில் வெளியான முந்நூறாம் பகுதியில், மாண்ட தந்தை ஒரு நாளுக்கு மட்டும் திரும்பி வருகிறார். வருந்துகிறார். இறுதியாகப் பிரிந்தபோது சண்டையிட்ட ஸாம் அவரை மன்னித்துவிடுகிறான். உனக்கு ஒரு குடும்பம் அமைந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன் எனத் தந்தை சொல்ல, எனக்குக் குடும்பம் இருக்கிறதே என்று விடை கூறுகிறான் டீன். இப்பகுதியைக் கண்டு கண்ணீர் மல்கியோரும் உண்டு. இத்தனை எளிதாகக் கணக்கைத் தீர்த்துவிட்டார்களே என்று சினந்தோரும் உண்டு.

சினந்தோரின் வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்லுதல் வேண்டும். மன்னிக்கும் உரிமை தீங்கிழைக்கப்பட்டவனுக்கே உரியது. பார்த்திருந்தவர்கள் அவன் சார்பில் மன்னிக்கவும் முடியாது. அவன் மன்னிப்பதைத் தடுக்கவும் முடியாது. அதே வேளையில், மன்னிப்பு தீர்ப்பினை அழித்துவிடுவதும் இல்லை. குற்றம் நிகழவே இல்லை என்பவன் எதை மன்னிக்கிறான்? முதலில் கணக்கு நேராக எழுதப்படல் வேண்டும்; அதன் பின்னரே தள்ளுபடி என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும். இரசிகர்கள் பல்லாண்டுகள் முயன்று அந்தக் கணக்கினை நேராக எழுதினர். அதனாலேயே ஸாமின் மன்னிப்பு, ஒன்றும் அறியாத பிள்ளையின் பணிவாக இல்லாமல், எல்லாம் அறிந்த மனிதனின் பெருந்தன்மையாக விளங்குகின்றது.

ஆகவே, பாத்திரங்களை மறுபடியும் எடைபோடும் இரசிகர்களை நேரம் போக்குவோர் என்று இகழ்தல் தகாது. பெரியவர்களின் பெருமையைக் கேட்டுப் பழகிய செவிகளைச் சிறியவர்களின் சாட்சியத்தின் பக்கம் அவர்கள் திருப்பினார்கள். வீட்டுக்கு வெளியே புகழ் பெற்ற எவரையும் மதிப்பிடும்போது, அவர் வீட்டுக்குள்ளே வாழ்ந்த பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நீதி. அவர்கள் அவரைப் போற்றினால் மகிழ்வோம், மன்னித்தால் வணங்குவோம். ஆனால், அவர்கள் கதவடைத்த அறையிலே தம்பிக்குக் காவலிருந்த இரவுகளைப் பற்றிப் பேச முன்வரும்போது, உன் தந்தை எவ்வளவு பெரியவர் தெரியுமா என்று சொல்லி அவர்களின் வாயை அடைத்துவிடாதிருப்போமாக!