கட்டளையிடப் பிறந்தவர் நீங்கள்!

மாலையில் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பில்லிங் கவுன்டர் கணினியில் இருக்கும் அன்றைய கணக்கை சர்வருக்கு ஏற்ற நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள். காப்பி, பேஸ்ட், பச்சைக் கோடு நிறையும்வரை காத்திருப்பு. நேற்றும் இதே வேலை, நாளையும் இதே வேலை. நண்பரே, பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவா இத்தனை படித்தீர்கள்?

"நான் புரோகிராமர் இல்லையே" என்கிறீர்களா? எந்த ஃபோல்டர், எந்தக் கணினிக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இந்த வேலைக்கு வேண்டிய மூல அறிவு அதுதான்! எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் முதலில் உங்களிடம்தான் அதைக் கேட்டாக வேண்டும். மீதி இருப்பது ஒரே ஒரு வரி.

கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி. விதிமுறையை 1971 ஏப்ரலில் முதன்முதலில் எழுதியவர் யார் தெரியுமா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்ற அபய் பூஷண் என்ற இந்திய இளைஞர். பாதையே இல்லாத இடத்தில் அவர் பாதை போட்டார். போட்ட பாதையில் நடக்க உங்களுக்கு என்ன தயக்கம்?

கருவி உங்கள் மேசையிலேயே இருக்கிறது. கோப்புகளைக் காப்பி செய்யும் ரோபோகாப்பி என்ற கட்டளை, விஸ்டா காலம் முதல் விண்டோஸுடனேயே வருகிறது; தனியாகக் காசு கிடையாது. நோட்பேடைத் திறங்கள். ரோபோகாப்பி என்று எழுதி, எடுக்கும் ஃபோல்டரையும் சேரும் ஃபோல்டரையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பேட்ச் ஃபைலாகச் சேமித்து, டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 9 மணி என்று குறியுங்கள். மாறாத கோப்புகளை அது தொடாது. புதியதையும் மாறியதையும் மட்டும் கொண்டுபோகும்.

துணிச்சலோடு நிதானமும் வேண்டும். முதலில் அந்த வரியின் கடைசியில் 'ஸ்லாஷ் எல்' சேர்த்து ஓட்டுங்கள். ஒரு கோப்பைக்கூடக் காப்பி செய்யாமல், எதையெல்லாம் காப்பி செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். 'ஸ்லாஷ் எம்.ஐ.ஆர்.' போட்டால், எடுக்கும் இடத்தில் இல்லாத கோப்புகளைச் சேரும் இடத்திலும் அழித்துவிடும். அதை முழுதாகப் புரிந்துகொள்ளாமல் தொடாதீர்கள்.

முதல் இரவே தோற்கலாம். தோற்கட்டும்! காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். 'இசட் டிரைவ்' என்று எழுதியிருப்பீர்கள். அது நீங்கள் லாகின் செய்திருக்கும்போது மட்டும் தெரியும் பெயர். சர்வர் பெயரோடு முழுப் பாதையையும் எழுதுங்கள், ஓடும். ஒரு கோப்பு காப்பியாகவில்லை என்றால், நாம் வேறு எண் கொடுக்காதவரை, ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒருமுறை 10 லட்சம் தடவை முயலும்! அலுவலகத்துக்கு மூன்று தடவை போதும் என்று குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விடாமுயற்சியை மட்டும் குறைத்துவிடாதீர்கள். ஒரு கட்டளைக்கே அத்தனை பிடிவாதம் இருக்கும்போது, இரண்டாவது தடவையிலேயே நீங்கள் கையை விரிக்கலாமா?

இன்றே ஒரு சின்ன ஃபோல்டரில் தொடங்குங்கள். தினமும் காலையில் சேரும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். போய்ச் சேர்ந்த கோப்பு ஒன்றைத் திறந்து சோதியுங்கள். நம்பிக்கை வந்ததும் அடுத்த ஃபோல்டர், அடுத்த கணினி. மிச்சமாகும் நேரத்தில் இன்னொன்று கற்றுக்கொள்ளுங்கள். கற்றதைப் பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள். கணினிக்கு வேலை செய்தது போதும். இனி அது உங்களுக்கு வேலை செய்யட்டும்!