எந்தப் பக்கத்தைத் திறப்பது?

பாரம் ஏறினால் ஷாஃப்ட் நடுவில் தொய்கிறது, இறக்கினால் நேராகிவிடுகிறது. "ஈஎன்8 எஃகை எடுத்துட்டு ஈஎன்24 போடுங்க, சரியாயிரும்" என்பார் பட்டறை அனுபவஸ்தர். கூடுதல் விலைக்கு எஃகு வாங்கி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்து, லேத்தில் கடைந்து மாட்டினால் முன்பு தொய்ந்த அதே அளவு தொய்கிறது. ஈஎன்24 மட்டமான சரக்கு அல்ல. ஒடியாமல், நிரந்தரமாக வளைந்துபோகாமல் அதிக பாரம் தாங்கும். ஆனால் எவ்வளவு தொய்யும் என்பது யங் குணகத்தின் கையில் இருக்கிறது. அது எந்த விலை எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றே, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் நியூட்டன். தாங்குதிறன் வேறு, விறைப்பு வேறு. விறைப்பு வேண்டுமென்றால் அளவை மாற்ற வேண்டும். 40 மில்லிமீட்டர் ஷாஃப்டை 50 ஆக்கினால் தொய்வு பாதிக்கும் கீழே போய்விடும். பேரிங்குகளின் இடைவெளியைப் பாதியாக்க முடிந்தால் எட்டில் ஒரு பங்குதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பருமனாக்கிவிடலாமே? டிசைன் படிக்கத் தொடங்குகிறவர்களின் முதல் டிராயிங்குகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இங்கேதான் பாடம் சுவைக்கிறது. ஒரு மீட்டர் நீள எஃகு ஷாஃப்ட் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனைப் பேரிங்குகளையும் அசையவிடாமல் இறுக்கியிருந்தால் அந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லை. ஷாஃப்ட் பேரிங்குகளை நெம்பும், அவை இன்னும் சூடாகும். ஷாஃப்ட் பருமனாக ஆக நெம்பும் விசையும் கூடும். தொய்வுக்கு மருந்தானது இதற்கு நஞ்சு. ஒரு பேரிங்கை நிலையாக நிறுத்தி, மற்றதை நீளவாக்கில் நகரவிடுவதே வழி.

தமிழ்நாட்டில் டிசைன் தேர்வு எழுதப் போகும் மாணவர் பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைக் கையோடு கொண்டுபோகிறார். சூத்திரம், அட்டவணை, எஃகு வகைகளின் குணம் எல்லாம் அதில் உண்டு. அப்படியும் பலர் திணறுகிறார்கள். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது மட்டும் அதில் அச்சாகவில்லை. வந்திருப்பது தொய்வா, முறிவா, சூடா என்று இனங்காண்பதைத்தான் நான் அடிப்படை என்பேன். கணக்கு அதற்குப் பின்னால் வருகிற வேலை.

முறிவையே எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள், தாங்கக்கூடிய பாரத்தைவிடக் குறைவான பாரத்திலேயே ஒடிந்தன. பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் சோதித்து, திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சிறு பாரமே உலோகத்தைக் களைக்க வைக்கிறது என்று காட்டினார். விட்டம் மாறும் கூர்மூலையில்தான் பெரும்பாலும் விரிசல் பிறக்கும். அங்கே ஒரு நல்ல ரேடியஸ் விட்டால் ஆயுள் பல மடங்கு கூடும்.

முறிவு களைப்பால் வந்ததா என்பதை ஒடிந்த துண்டே சொல்லிவிடும். களைத்து முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழுவழுப்பாக, வில்வில்லான வரிகளோடு இருக்கும்; கடைசியில் படக்கென்று விட்ட இடம் மட்டும் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு சிறியதாக இருந்தால் பாரம் அதிகமில்லை என்று அர்த்தம். அதனால் ஷாஃப்ட் ஒடிந்ததும் துண்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பாருங்கள், பிறகு புது எஃகுக்கு ஆர்டர் கொடுங்கள்.