யாருக்கு நல்ல வாடை

2018ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் லண்டனில் இருந்தேன். பகலில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்கள். இரவில் வானிலை வரைபடங்கள். முன்னதற்காகத்தான் போனேன். மனம் கிடந்தது பின்னதில். அதுவரை பனி விழுந்து நான் பார்த்ததில்லை. நம் மொழியில் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. தலையில் இறங்கிச் சளி பிடிக்கவைப்பது. வானத்திலிருந்து வெள்ளையாக உதிர்வதற்கும் அதே சொல்லைத்தான் கடன் கொடுத்திருக்கிறோம். சொல் தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை.

வரைபடம் பார்ப்பது ஒரு போதை. அமெரிக்கக் கணினி மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதுக் கணிப்பை வெளியிடும். ரெடிங் நகரில் இருக்கும் ஐரோப்பிய மையம் ஒரே தொடக்க நிலையைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு 51 முறை கணக்கிடும். ஒவ்வொரு கணக்கும் ஒரு கோடு. சில நாள்வரை எல்லாக் கோடுகளும் ஒட்டிப் போகும். பிறகு சிக்கல் விழுந்த நூல்கண்டு போலப் பிரியும். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் கோடுகள் எத்தனை என்று எண்ணுவேன். பிரிட்டனில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் மேல்காற்று அந்தத் தீவை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. பனி வேண்டுமானால் காற்று கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ திரும்ப வேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்த நாடே பனிக்கு ஏங்குகிறது. டிசம்பர் 25 அன்று ஒரே ஒரு பனித்துகள் விழுவதை எங்காவது பதிவு செய்துவிட்டால் போதும், வானிலைத் துறை அதை வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று அறிவித்துவிடும். அதன்மேல் பந்தயம்கூடக் கட்டுகிறார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வடதுருவத்துக்கு மேலே, அடுக்கு மண்டலத்தில், காற்று திடீரென்று சூடேறியது. துருவத்தைச் சுற்றி ஓடும் காற்றுச் சுழல் உடைந்தது. அதன் விளைவு தரைக்கு இறங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். மாதக் கடைசி வாக்கில் என் 51 கோடுகளும் கீழே சரிந்தன. ‘கிழக்கிலிருந்து வரும் மிருகம்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. நான் சமையலறைக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா என்பது ஈஸ்ட்ஹாமில் எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவர். வடமராட்சிக்காரர், இருபது வருடமாக லண்டனில். வீட்டோடு கிடக்கும் முதியவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பிட வைப்பது அவர் வேலை. ஒரு வீட்டில் அரை மணி, சில வீட்டில் கால் மணி. அந்த நிமிடங்களுக்குத்தான் கூலி. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பேருந்திலும் நடந்தும் போகும் நேரம் கணக்கில் வராது.

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “உமக்கென்ன பிள்ளை, யன்னலுக்கு உள்ளுக்க இருந்து பாப்பீர். நான் எல்லோ அதுக்குள்ளால நடக்க வேணும்.”

கோபமில்லை, சிரித்தபடிதான். ஆனால் அன்று இரவு வரைபடம் பார்க்கையில் விரல் தயங்கியது. பிறகும் பார்த்தேன்.

என் ஆசையால் காற்று திரும்பாது. ஸ்காண்டிநேவியாவுக்கு மேல் நின்ற உயரழுத்தம் என்னைக் கேட்டுக்கொண்டா வந்தது? விளைவே இல்லாத ஆசைக்கு என்ன பொறுப்பு? இப்படி வாதிட்டுப் பார்த்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அந்தக் குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. என் அப்பாவுக்குத் தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்க வேண்டும். அவர் யாரையும் வேலை செய்யச் சொன்னதில்லை, அதட்டியதில்லை. ஆசைப்பட்டார், அவ்வளவுதான். களங்கமில்லாத ஆசை. அந்த ஆசைக்கு மாவு அரைத்தது, முப்பது பேருக்கு இட்லி அவித்தது, கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டது எல்லாம் அம்மா. “உன்னை யார் இவ்வளவு செய்யச் சொன்னது?” என்று அப்பா உண்மையான பரிவோடுதான் கேட்பார். ஆசை எதையும் நிகழ்த்தவில்லை என்பதல்ல விஷயம். ஆசைப்படும் நேரத்தில் மனதுக்குள் ஒரு படம் இருக்கிறதே, அந்தப் படத்திலிருந்து யாரை வெளியே நிறுத்திவிட்டு ஆசைப்பட்டோம்?

பிப்ரவரி 28 காலை எழுந்தபோது தெரு வெள்ளையாக இருந்தது. அக்கா ஐந்தரைக்கே போயிருந்தார். வாசலில் அவருடைய காலடிகள் பாதி மூடியிருந்தன. நான் பூங்காவுக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த அமைதியை இன்றும் என்னால் சொல்ல முடியாது. வந்து ஒரு கவிதை எழுதினேன். பின்னர் அது ஓர் இதழில் வந்தது. நன்றாக இருக்கிறதென்று பலர் சொன்னார்கள். அதில் மரம் இருக்கிறது, காகம் இருக்கிறது, என் தனிமை தாராளமாக இருக்கிறது. காலடிகள் இல்லை.

நெடுநல்வாடையைப் பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். கணவனைப் பிரிந்து கட்டிலில் கிடக்கும் அரசிக்கு அது நெடிய வாடை, பாசறையில் வெற்றியை நோக்கி நிற்கும் அரசனுக்கு நல்ல வாடை, ஆகவே நெடுநல்வாடை. உரை மரபு தரும் இந்த விளக்கத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே பெருமையாக இருக்கும். ஒரே காற்று ஒருத்திக்கு நீள்கிறது, ஒருவனுக்கு நன்மையாகிறது. ஆனால் பாட்டின் தொடக்கத்தில் கோவலர்கள் வருகிறார்கள். மழையால் பழகிய நிலம் விட்டு வேறிடம் போய், தீயில் கை காய்ச்சி, கன்னம் நடுங்க நிற்கிறார்கள். தலைப்பில் அவர்களுக்கு இடமில்லை. ஆனாலும் நக்கீரர் அவர்களை அரண்மனைக்கு முன்னால் வைத்தார். தேர்வில் வராது என்று அந்த வரிகளை வேகமாகக் கடந்து போகிறவள் நான்.

பனி இயற்கை, அது யாரை நோக வைக்கும் என்பது இயற்கை அல்ல. பிரிட்டனில் உப்பு முதலில் பெருஞ்சாலைகளுக்கு; நடைபாதைகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். சுவீடனிலும் இதே வரிசைதான் இருந்தது. கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரத்தில் 2011 வாக்கில் அதைப் பாலினக் கண்ணோடு பார்த்தார்கள். காரோட்டுவதில் ஆண்கள் அதிகம், நடப்பதில் பெண்கள் அதிகம். வழுக்கி விழுந்து மருத்துவமனைக்கு வருபவர்களிலும் நடப்பவர்களே அதிகம். வரிசையைத் திருப்பி, நடைபாதையை முதலில் துப்புரவாக்கினார்கள். அதற்குக் கூடுதல் செலவு பிடிக்கவில்லை. அதே பனிதான்.

இன்னொன்றையும் பின்னர் படித்தேன். அந்த 2017-18 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 50,100. 1975-76க்குப் பிறகு அதுவே அதிகம். ஃப்ளூவுக்கு அதில் பெரும் பங்கு. எல்லாவற்றையும் பனியின் தலையில் போட முடியாது. ஆனாலும் அக்கா எழுப்பப் போன கட்டில்களை நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர் திரும்பியபோது இருட்டிவிட்டது. பாதி வழியில் பேருந்து நின்றுவிட்டதாம். மூன்று வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். நான்காவது வீட்டுக்காரியின் மகள் தானே வந்துவிட்டதால் அந்த அரை மணிக் கூலி போயிற்று. வெந்நீரும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கும் பாவனையில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. காலை நீருக்குள் வைத்துக்கொண்டு கைபேசியை என்னிடம் நீட்டினார். விடியற்காலை, தெருவிளக்கு மஞ்சளில், யாரும் மிதிக்காத வெள்ளை. பதினோரு படங்கள். பருத்தித்துறையில் இருக்கும் தங்கைக்கு எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார்.

“என்ன வடிவு, பாத்தீரே?”

நான் பூங்காவில் நின்றதற்கு மூன்று மணி நேரம் முன்பே, என்னைவிட நல்ல வெளிச்சத்தில், அவர் நின்று பார்த்திருக்கிறார். பாவம் அக்கா என்று நாள் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்த நினைப்பிலும் அந்த அக்கா இல்லை.

“நாளைக்கும் கொட்டுமோ?” என்றார். கொட்ட வேண்டுமென்று கேட்கிறாரா, கூடாதென்றா, குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. வரைபடத்தைத் திறந்தேன்.

“கொட்டும் அக்கா.”

“அப்ப நாலரைக்கு எழும்ப வேணும்” என்று அலாரத்தை மாற்றினார்.