தேடுவதும் நேர் செய்வதும்

கடவுளை உண்மையாகத் தேடுவது என்றால் என்ன என்ற கேள்வி, விக்கிரமங்கலம் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்தது. அன்று மாலை கவுண்டரை மூடியபோது கையிருப்பில் 500 ரூபாய் குறைந்தது. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். நேரமாகிவிட்டது. என் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தேன். கணக்கு நேராயிற்று. ஆனால் தொலைந்தது கிடைக்கவில்லை. தேடவேண்டிய காரணம்தான் இல்லாமல் போயிற்று.

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் எங்கள் ஜில்லாவிலேதான் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் வாழ்ந்து, திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர். 18ஆம் நூற்றாண்டில் 3,615 பாடல்களில் தேம்பாவணி எழுதிய அந்த இத்தாலியர், காவிய நாயகனாக எடுத்துக்கொண்டது சூசையை. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் இவர். ஆனால் இவர் தேடி அலைந்தது பதிவாகியிருக்கிறது.

லூக்கா சொல்லும் சம்பவம் தெரிந்ததுதான். பஸ்கா முடிந்து எருசலேமிலிருந்து திரும்பும்போது, 12 வயதுப் பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணிக்கொண்டு சூசையும் மரியாளும் ஒரு நாள் தூரம் நடந்துவிடுகிறார்கள். பிறகு உறவினர்களிடையே தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்துக் கோவிலில் காண்கிறார்கள். அவன் சொல்லும் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை.

கூட இருக்கிறான் என்ற நிச்சயத்தோடு நடந்த அந்த ஒரு நாள் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒரு மதத்தில் பிறந்து அதிலேயே சௌகரியமாக இருப்பவர்களில் பலருக்கு ஆயுள் முழுவதுமே அந்த ஒரு நாள்தான். தொலைத்திருக்கிறோம் என்ற பிரக்ஞை வந்த பிறகும் முதலில் தேடுவது உறவினர் கூட்டத்தில். அதாவது நமக்குப் பழக்கமான சடங்குகளில், நம்மவர்களின் முகங்களில். அங்கே இல்லை என்று ஒப்புக்கொண்டு வந்த வழியே திரும்பி நடப்பதில்தான் நேர்மை ஆரம்பமாகிறது.

அந்தப் பதில் விளங்காமல் போனதும் தற்செயலாக எனக்குப் படவில்லை. நாமே கற்பித்துக்கொண்ட கடவுள் பேசினால் உடனே புரிந்துவிடும். என் பையிலிருந்து போன நோட்டு எனக்கு அடையாளம் தெரியாதா என்ன? அவர்களோ விளங்காத பதிலோடு பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

சிமோன் வெய்ல் தேடலையே சந்தேகித்தவர். மனிதனால் ஆகக்கூடியது காத்திருப்பதுதான் என்பது அவர் கட்சி. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பின்னும் ஞானஸ்நானம் பெறாமல், ஆண்டுக்கணக்கில் சபையின் வாசலுக்கு வெளியே நின்றார். அவரை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் தேடுவதும் காத்திருப்பதும் ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டிலும் கைக்காசு போட்டு நிரப்பக் கூடாது. குறைவு என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் வந்து உட்காரவேண்டும்.

அன்று நான் அதைச் செய்யவில்லை.