கேட்டுப் பெறும் பதவி

இஷா தொழுகை முடிந்து, மோதினார் பள்ளிவாசல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளை. முன்னொரு காலத்தில் என்னிடம் மக்தபில் ஓதியவர், இப்போது நாற்பதைக் கடந்தவர், ஹவுழின் ஓரத்தில் எனக்காகக் காத்திருந்தார். 2022 ஜனவரியின் கடைசி நாட்கள் அவை. 2016 அக்டோபர் முதல் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவருமின்றித் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்துவந்த தமிழகத்து நகராட்சிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது.

“ஹஜ்ரத், எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கலாமென்று நினைக்கிறேன். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?” என்றார்.

நான் தயங்கவில்லை. அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசத்தை எடுத்துரைத்தேன். ஆட்சிப் பொறுப்பைக் கேட்டுப் பெறலாகாது. கேட்டுப் பெற்றவன் அதனிடமே ஒப்படைக்கப்பட்டு விடுவான். கேளாமல் வந்ததாயின் இறையுதவி உடன் வரும் என்பது அதன் சாரம். “சரி, ஹஜ்ரத்” என்று எழுந்து போய்விட்டார்.

அந்தச் “சரி” அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. 2011ஆம் ஆண்டுத் தேர்தலின்போதும் வேறொருவருக்கு இதே மறுமொழியைச் சொல்லி அனுப்பியவன் நான். அவர் பேணுதலாக விலகிக்கொண்டார். நபிமொழிக்கு அஞ்சாதவர் அந்த இடத்தில் அமர்ந்தார். அஞ்சுகிறவர்கள் அனைவரும் ஒதுங்கிக்கொள்ள, அஞ்சாதவர்கள் மட்டுமே எஞ்சும் ஓர் ஏற்பாட்டை நானே என் கையால் செய்துவைத்தேனோ என்ற எண்ணம் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் ஸுபுஹுக்குப் பின் தஃப்ஸீரைத் திறந்தேன். சிறையினின்று வெளிவந்த யூசுஃப் (அலை) அவர்கள், ஏழாண்டுச் செழிப்பும் ஏழாண்டுப் பஞ்சமும் வரப்போவதை அறிந்த நிலையில், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு எகிப்து மன்னரிடம் தாமே கேட்டார்களே! இமாம் குர்துபீ அவர்கள் இவ்விடத்தில் நின்று நிதானிக்கிறார்கள். நீதியோடு அப்பணியைச் செய்யத் தம்மையன்றி வேறொருவர் இல்லையென அறிந்ததனாலேயே யூசுஃப் நபி கேட்டார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. இன்னொன்றையும் சுட்டுகிறார்கள். அந்த நபி தம் குலப்பெருமையைச் சொல்லிக் கேட்கவில்லை. உலகமே வியந்த தம் அழகைச் சொல்லியும் கேட்கவில்லை. ஹஃபீழ், அலீம் என்ற இரு தகுதிகளையே முன்வைத்தார்கள்: காப்பவன், அறிந்தவன். நம் தெருச் சுவர்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் இவ்விரண்டையும் தவிர மற்றெல்லாம் காணக் கிடைக்கின்றன.

நம் மண்ணிலேயே, கேளாமல் பதவி வந்த முறையொன்று இருந்ததுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகள், தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழோ எழுபதுக்கு மேலோ ஆகாது. முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் ஆகார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவருடைய உறவினரும் ஆகார்! அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபைக்கு மட்டுமான ஏற்பாடு என்பதை மறந்து பாராட்டுவதற்கில்லை. ஆயினும் அந்தக் கணக்கு விதியை எண்ணும்போதெல்லாம் பெருமூச்சு வருகிறது.

இன்றைய முறையோ வேறு. வேட்புமனுவில் கையெழுத்திடாத எவரையும் மக்களால் தேர்ந்தெடுக்க இயலாது. கேட்பதையே சட்டம் முதற்படியாக வைத்திருக்கும்போது, மனுவில் கையெழுத்திடும் செயலை மட்டும் கொண்டு ஒருவரைப் பதவி வெறியர் என்று தீர்ப்பளிப்பது நியாயமாகுமா? ஆகாதென்றே எனக்குப் பட்டது. ஆனால் நபிமொழி தடுத்த நோய் அதனால் நீங்கிவிட்டதாகவும் கொள்ளமுடியாது. அது கையெழுத்தில் இல்லை, கல்பில் இருக்கிறது.

‘சுயேச்சை’ என்ற சொல்லையே பாருங்கள். சுய இச்சை. கட்சியின் கட்டளைக்கு உட்படாதவர் என்ற பொருளில் ஆளுகிறோம். அரபியில் இச்சைக்கு ‘ஹவா’ என்பார்கள். அதைத் தெய்வமாக்கிக் கொண்டவனைப் பற்றித் திருமறை எச்சரிக்கிறது. தலைவனின் கட்டளையினின்று விடுபட்டவன் தன் இச்சையின் கட்டளைக்கு ஆட்பட்டால் அவனுக்குக் கிட்டிய விடுதலை யாது? கட்சிக்காரரையாவது கண்டிக்க மேலே ஒருவர் இருக்கிறார்.

அவரை அழைத்து, என் முதல் மறுமொழி அரைகுறையானது என்று ஒப்புக்கொண்டேன். “தம்பி, உம்மைவிடத் தகுதியானவர் வேறு எவரும் நிற்கவில்லையென்று அல்லாஹ்வை முன்னிறுத்திச் சொல்ல முடியுமானால் நில்லும்” என்றேன். நின்றார். பிப்ரவரி 7ஆம் நாளுக்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைத்தது. 19ஆம் நாள் வாக்குப்பதிவு. பத்தே நாட்களில் ஒரு புதுச் சின்னத்தை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். மிகச் சொற்ப வாக்குகளில் வென்றார்.

சோதனை அதற்குப் பிறகே வந்தது. 2011இல் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள்; 2022இல் அந்த உரிமை உறுப்பினர்களிடம் சென்றது. எண்ணிக்கை பிப்ரவரி 22. தலைவர் தேர்தல் மார்ச் 4. இடையிலிருந்த பத்து நாளில், அதுவரை அவரைக் கண்டும் காணாதிருந்தவர்கள் அவர் வீட்டுத் திண்ணையைத் தேய்த்தார்கள். பணம் பேசியவர்களை அவரே திருப்பியனுப்பிவிட்டார். அதற்கு என்னிடம் வரவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஒரு தரப்பினர் மட்டும் வேறு விதமாகப் பேசினார்கள். வாக்கை எங்களுக்குத் தாருங்கள், உங்கள் வார்டின் கழிவுநீர்க் கால்வாயை முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

“எனக்கென்று ஒரு காசும் இல்லை ஹஜ்ரத். மழை வந்தால் அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர். இதுவும் லஞ்சமா?”

வெகுநேரம் யோசித்தேன். வாக்கு என்பது ஷஹாதத், ஒருவரின் தகுதிக்குச் சொல்லும் சாட்சியம். சாட்சியத்துக்கு விலை பெறுவது, அந்த விலை ஊருக்கே சேர்ந்தாலும், சாட்சியத்தை விற்பதுதான். மேலும் நம் கால்வாய் முந்தினால் வேறொரு வார்டின் முறை பிந்தும். அங்கும் மழை பெய்யும். இவ்வாறே சொன்னேன். அவர் தம் வார்டின் பணிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி இரு தரப்பாருக்கும் ஒரே விதமாகக் கொடுத்துவிட்டு, தகுதியானவரெனத் தாம் கருதியவருக்கு வாக்களித்தார். அவர் தோற்றார்.

கால்வாய்க்கு இரண்டு மழைக்காலம் பிந்தியே மண் தோண்டினார்கள். அந்தச் சந்தின் கோடியில் ஒரு மூதாட்டி இருக்கிறார். முதல் மழையில் நெல் மூட்டையும் பேரப்பிள்ளையின் பாடப் புத்தகங்களும் நனைந்து போயின. யார் சொல்லி அவர் அப்படி வாக்களித்தார் என்பது எப்படியோ அம்மூதாட்டியின் காதுக்கு எட்டியிருந்தது. ஒரு நாள் என்னை வழிமறித்து, “ஏன் லெப்பை, என் வீட்டுக்குள்ளே தண்ணி நிக்கணும்னு உங்க கிதாபுல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

இன்றுவரை நான் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகவே நாள்தோறும் பள்ளிக்குப் போய்வருகிறேன்.