உடைமை என்னும் அடைக்கலம்

மனிதன் ஒருவனைத் தன் உடைமையெனக் கூறுதல், அவனைக் காப்பதற்காகவாயினும், அறமாகுமா? புளோரிடாவின் செமினோல் மக்கள் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

ஜோர்ஜியா முதலிய இடங்களின் தோட்டங்களிலிருந்து தப்பிய கறுப்பின அடிமைகள், அந்நாளில் ஸ்பெயினுக்குட்பட்டிருந்த புளோரிடாவிற் புகலடைந்தனர். செமினோல்களிடையே அவர்கள் தனியூர்களில் வாழ்ந்தனர், ஆயுதந் தரித்தனர், விளைவில் ஒரு பங்கைத் தலைவர்க்குத் திறையாக இறுத்தனர். தோட்ட அடிமைத்தனத்தோடு இதனை ஒருங்குவைத்தெண்ணுதல் பொருந்தாது. எனினும், அடிமை பிடிப்போர் வந்தபோது செமினோல் தலைவர்கள் இவர்களைச் சுதந்திரர் என்று கூறவில்லை. தமக்குரியவர் என்றே வாதிட்டனர். வெள்ளையரின் சட்டம் மதித்தது உடைமையை மட்டுமே. எனவே அச்சொல்லே கேடயமாயிற்று.

இரண்டாம் செமினோல் போரின்போது, 1837 மார்ச்சில், தளபதி ஜெசப் செய்த உடன்படிக்கையும் இச்சொல்லையே ஏற்றது: மேற்கே பெயரும் செமினோல்கள் தம் உடைமையான கறுப்பரையும் உடன்கொண்டு செல்லலாம். வெள்ளைத் தோட்டக்காரர் உரிமை கோரிவரவே ஜெசப் தளர்ந்தார், உடன்படிக்கையும் குலைந்தது. 1838 இல் அவரே, செமினோல்களை விட்டுப் பிரிந்து சரணடையும் கறுப்பர்க்கு விடுதலை வாக்களித்தார். பகைவரைப் பிரிக்கும் சூழ்ச்சியன்றி இது விடுதலை வேட்கையன்று.

கிரீக் மக்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1814 இல் ஜாக்சன் கோட்டை உடன்படிக்கையால் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். ஆயினும் 1836 இல், கைப்பற்றும் கொள்ளைப்பொருள் தமக்கே என்ற வாக்குறுதியின்பேரிற் கிரீக் வீரர் பலர் அமெரிக்கர் பக்கம் நின்று செமினோல்களோடு பொருதனர். அக்கொள்ளைப்பொருளுட் கறுப்பின மனிதரும் அடங்கினர். தாம் அடைந்த அநீதி, தாம் இழைத்ததற்கு விளக்கமாகலாம், விடுதலைப் பத்திரமாகாது.

கேடயத்தின் மறுபக்கம் மேற்கே வெளிப்பட்டது. 1848 இல் அமெரிக்கச் சட்டமா அதிபர், ஜெசப் அளித்த விடுதலை செல்லாது, அம்மக்கள் இன்னும் செமினோல்களின் அடிமைகளே எனக் கருத்துரைத்தார். காத்தற்பொருட்டுக் கூறிய சொல் ஏட்டிலேறிச் சட்டமாய்த் திரும்பியது. காப்பவனின் நல்லெண்ணத்தைச் சட்டம் பதிவுசெய்வதில்லை. உரிமைப் பத்திரத்தையே பதிவுசெய்கின்றது. கிரீக் நிலப்பரப்பில் ஆட்களைக் கவர்வோரின் அச்சுறுத்தலும் தொடர்ந்தது.

அவ்வாறாயின் தலைவர்கள் அனைவரையும் வேடதாரிகள் என ஒதுக்கலாமோ? கறுப்பினத் தலைவர் ஜோன் ஹோர்ஸ் 1849 இல் தம்மவரோடு புறப்பட்டார். 1829 இலேயே அடிமைமுறையை ஒழித்திருந்த மெக்சிக்கோவை நோக்கி 1850 இல் அவர் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்தபோது, செமினோல் தலைவர் கோவாகூச்சியும் தம் மக்களுடன் உடன் சென்றார்.