சகுனமும் எச்சரிக்கையும்

ஊவா மலைத் தோட்டங்களின் ஓரத்தில் எஞ்சி நிற்கும் காடுகளிலிருந்து சில இரவுகளில் ஓர் அலறல் எழுவதுண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் ஓலத்தை ஒத்தது அது. சிங்கள மக்கள் அதனை 'உலமா' என்பர். நம் மக்கள் இரவில் அலறும் பறவையைச் சாக்குருவி என்பர். அக்குரல் கேட்டால் சாவு நேரும் என்ற அச்சம் இரு மக்களுக்கும் பொதுவானது.

1859இல் டெனன்ட் இலங்கையைப் பற்றி எழுதிய நூலிலேயே இப்பறவை இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அது எந்தப் பறவை என்ற வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை. அடர்ந்த காட்டில் வாழ்ந்து, இரவில் இரை தேடும் காட்டுப் பேராந்தையே அது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கண்ணாற் கண்டவர் மிகச் சிலர். காதாற் கேட்டு நடுங்கியவர் மிகப் பலர்.

உலமாவைப் பற்றிச் சிங்கள மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. மனைவியின் மீது ஐயங்கொண்ட கணவன், குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே படைத்தான். கறியில் சிறு விரலைக் கண்ட தாய், அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையானாள். இக்கதையில் கொன்றவன் யார்? கணவன். தலைமுறை தலைமுறையாகப் பழி சுமப்பவள் யார்? தாய். சாவைச் செய்தவனை மறந்து, சாவுக்காக அழுதவளைக் கண்டு அஞ்சும் மனநிலை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் சகுனத்திற்கும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஆராய வேண்டும். இரண்டும் வரப்போவதைச் சொல்கின்றன. ஆனால் சகுனம் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. பணிந்து காத்திரு என்கிறது. எச்சரிக்கையோ, தடுக்க வல்லவன் மீது கடமையைச் சுமத்துகிறது. அக்கடமை தவறிய பின் நிகழும் சாவு விதியன்று, குற்றம்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மனிதரோடு மண்ணுள் புதைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்து நின்றனர். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எந்தச் சாக்குருவியும் இத்தனை ஆண்டுகளுக்கு முன்னரே குரல் கொடுத்ததில்லை.

"எச்சரித்த பின்னும் அவர்கள் ஏன் வெளியேறவில்லை? மலையக மக்களின் அறியாமைதான்!" என்று கூறுவோர் உண்டு. எங்கே வெளியேறுவது? நிலம் அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். தலைமுறைகளாக உழைத்தவனுக்குத் தன் பெயரில் ஓர் அடி மண் இல்லை. லயத்தை விட்டால் வேலையும் போகுமோ என்ற அச்சம் வேறு. அனர்த்தத்தின் பின், 2016இல், அம்மக்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆகவே நிலம் இல்லாமற் போகவில்லை. சாவு நிகழும்வரை அது கொடுக்கப்படவில்லை. அறிக்கையைப் படித்த பின்னும் ஒன்றும் நேராது என்று நம்பியிருந்தவர்களை நாம் பகுத்தறிவாளர் என்று அழைப்பதா? உண்மையான மூடநம்பிக்கை லயத்தில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது.

காட்டின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக இம்மலைகளின் காடு அழிக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்திய பின், தேயிலை வந்தது. மண்ணைப் பற்றியிருந்த ஆழ்ந்த வேர்கள் போயின. பேராந்தையின் உறைவிடமும் போயிற்று. பறவையை அரிதாக்கிய கோடரியே சரிவையும் நிலைகுலையச் செய்தது. இன்று அதே பறவையைச் சாவின் தூதன் என்கிறோம்!

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு உயிர்களைப் பறிகொடுத்தது. ஆசிரியர்களே, மாணவர்களே! சாக்குருவிக்கு அஞ்ச வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது நம் பணியில் ஒரு பாதிதான். தம் லயத்திற்கு மேலுள்ள சரிவைப் பற்றி எந்த அறிக்கை என்ன சொல்கிறது, அதைப் படித்தவர் என்ன செய்தார் என்று அவர்கள் கேட்கப் பழக வேண்டும். பாதுகாப்பான காணியும் வீடும் சாவுக்கு முன்னரே கிடைக்க வேண்டுமென்று அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும்.